பூச் கம்பவுண்டரின் இங்கிலீஷ்

அந்தமானில் கரையிறங்கிய ஆடு, மாடு, நாய், பூனை எதுவுமே எங்கள் பூச் கம்பவுண்டரிடம் சொந்தப் பெயரோடு தப்பியதில்லை. வெள்ளைக்காரத் துரை வீட்டில் நாய் குளிப்பாட்டிக் கற்ற இங்கிலீஷ் அவருடையது. நாய் என்றால் பூச், பூனை மாகி, முயல் பன்னி, முதலை குரோக். போர்ட் பிளேயர் கால்நடை ஆஸ்பத்திரியில் நான் டைப்பிஸ்ட். அவர் எழுதித் தரும் செல்லப்பெயர்களையெல்லாம் ஒழுங்கான இங்கிலீஷாக்கி அடிப்பதே என் பாதி உத்தியோகம்.

ஒரு கடைக்காரர் ஆசையாக வளர்த்த முயலைத் தூக்கி வந்தார். "உங்க பன்னிக்கு வயித்துல வாயு" என்றார் இவர். அந்த மனிதர் அப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

நான் லீவு போட்ட நாளில் வந்தது வினை. வண்டூரில் முதலை ஆட்டை இழுத்துப் போனதை விசாரித்து, "குரோக் பாவம், பசி" என்று அவர் எழுதிய ரிப்போர்ட் நேராகப் புது டாக்டர் சாப் மேஜைக்குப் போய்விட்டது. இது சர்க்கார் ரிப்போர்ட்டா, தாலாட்டா என்று சாப் கத்தியது கப்பல்துறை ஜெட்டி வரை கேட்டிருக்கும்.

அடுத்த வாரமே, சொறி பிடித்த தெருநாய்களைக் கொல்லப் பட்டியல் கேட்டு உத்தரவு வந்தது. மரைன் ஹில் ஏற்றத்தில் கிடந்த நொண்டி நாயை மட்டும் கம்பவுண்டர் எழுதவில்லை. அதற்குத் தினமும் கந்தகமும் தேங்காயெண்ணெயும் தடவிக்கொண்டிருந்தார். சாப் கண்டுபிடித்துவிட்டார். பட்டியலில் நாய் ஏற வேண்டும், இல்லையென்றால் நீ மாற்றலாகி வடகோடித் திக்லிபூருக்குக் கப்பல் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு எரிச்சல். "அண்ணே, ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன். அந்தக் காட்டுல போய் என்ன செய்வீங்க?"

"பூச்னு கூப்ட்டா வால ஆட்டுதே, பாபு. வால ஆட்டுறத எப்படி எழுதிக் குடுக்க?"

மனுஷன் டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டார். நாயைக் கப்பலில் ஏற்ற ஆஸ்பத்திரிச் சீட்டு வேண்டும். அவர் எழுதித் தந்த அதிலும் அதே கிறுக்கு: உடன் வருவது 'ஒரு பூச்'. திருத்தப் போனேன், விரல் ஓடவில்லை. அப்படியே அடித்து வைத்தேன். சாப் படித்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

கப்பல் நகரும்போது, ஆறு வருஷம் அவர் இங்கிலீஷைத் திருத்திய நான், ஜெட்டியே திரும்பிப் பார்க்க "பூச், பூச்" என்று கூப்பிட்டேன். மேல்தட்டில் வால் ஆடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பவுண்டரும் கையை ஆட்டினார்.