எஃப் வந்தால் நின்றுவிடும் பாட்டு

தயெகோ அண்ணி அவர்களுக்கு சிஹாரு பணிவுடன் எழுதுவது.

"என் தம்பி நன்றாகப் பாடுகிறானா?" என்று ஒரே வரியில் கேட்டு எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை, அண்ணி. ஐம்பது நாளாக ஒரே கூரையின் கீழ் இருந்து கேட்கிறேன், ஆனாலும் தெரியவில்லை. குடிநீர் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக, ஒரு குவளைத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று ஐயமில்லாமல் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் இப்படி எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முறைப்படி பருவத்தைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் நாகஓகாவில் கூரையில் மிச்சமிருந்த பனியும் போன வாரம் சரிந்து விழுந்துவிட்டது. செர்ரி இன்னும் மொட்டுதான். உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உங்கள் தம்பி காதில் விழும்.

உங்கள் மகள் மினோரியின் திருமண விருந்தில் மாமாவுக்குப் பாட ஐந்து நிமிடம் ஒதுக்குவதா வேண்டாமா என்று வியாழக்கிழமைக்குள் மண்டபத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறீர்கள். அப்பாவை இழந்த ஆறு வயதுப் பெண்ணாக இருந்த அவளை இவர் சனிக்கிழமைதோறும் நீச்சல் வகுப்புக்கு அழைத்துப்போன அந்தப் பழைய காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு அது. அதை மாமா தன் வாயால், கிதார் வாசித்துக்கொண்டு, தனியாகப் பாட வேண்டும் என்று அவள் கேட்டாள். இவர் "ம்" என்றார். அந்த "ம்" சம்மதமா, தொண்டையைச் செருமியதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பழைய கிதாரும், 'தனியே பாடி வாசிக்க எண்பது பாடல்கள்' என்ற கனத்த புத்தகமும் வீட்டுக்கு வந்துவிட்டன. கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் கார்டுகளில் நான்கு தெரிந்தால் போதும், எண்பதையும் பாடிவிடலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. அட்டையில் போட்டிருப்பதை நம்பும் வழக்கம் எனக்குக் கிடையாது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பாட்டை நான் பல்பொருள் அங்காடியில் கேட்டிருக்கிறேன், பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு கேட்டிருக்கிறேன். டிரம்ஸ், வயலின் கூட்டம், பின்னால் நாலு பெண்கள் 'ஊ' என்று இழுப்பது, இத்தனையும் சேர்ந்த குதூகலப் பாட்டு என்றே இருபது வருடம் நினைத்திருந்தேன். முதல் வாரம் ஒரு மாலை, நான் முள்ளங்கி சீவிக்கொண்டிருக்கும்போது அவர் கூடத்தில் உட்கார்ந்து, இருமல் மருந்து குடித்தவர் குரலில், கட்டையாக ஒரு கம்பியை இழுத்து அதைப் பாடினார். மற்றதெல்லாம் போய்விட்டது. ஒரு பெண், இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்காமல், தெரிந்தே இன்னும் ஒரு நிலையம் போகிறாள். அவ்வளவுதான் பாட்டு. இத்தனை நாளும் அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள், டிரம்ஸ் மறைத்துக்கொண்டிருந்தது. சீவிய முள்ளங்கியைக் குப்பையிலும் தோலைச் சட்டியிலும் போட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் எஃப் வந்தது. ஆள்காட்டி விரல் ஒன்றால் ஆறு கம்பியையும் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டிய கார்டு. பாட்டு உச்சிக்கு ஏறுகிற இடத்தில், அவள் தன் நிலையத்தைத் தாண்டும் இடத்தில், சரியாக அது வருகிறது. விரல் வழுக்கும், கம்பி 'டப்' என்று செத்துவிடும், இவர் நின்றுவிடுவார். திரும்ப முதலிலிருந்து. திரும்ப அங்கேயே நிற்பார். எஃப் வராமல் வாசிக்கச் சுலபமான முறை ஒன்று அதே பக்கத்தின் அடியில் போட்டிருக்கிறதே என்று கேட்டேன்.

"அத எடுத்துட்டா அவ ரயில விட்டு எறங்கிடுவா, சிஹாரு" என்றார். இந்த வருடம் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

தவறு என்னுடையது, அண்ணி. கிதார் வந்த அன்றே நான் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு மூன்றுக்கும் இனிப்புப் பெட்டியோடு போய், "இனிமே சத்தம் வரும், உங்களுக்கெல்லாம் தொந்தரவு, முன்கூட்டியே மன்னிச்சுக்கணும்" என்று குனிந்து சொல்லிவிட்டு வந்தேன். யாரும் செய்வதைத்தான் செய்தேன். பத்தாவது நாள் மேல்வீட்டு ஒனொதேரா ஸ்ட்ராபெரி கூடையோடு வாசலில் நிற்கிறாள்.

"அக்கா, உள்ள வரலாமா? எங்க ரெண்டு வாலும் ஓடற சத்தத்துலதானே சார் தினமும் அந்த எடத்துல நிறுத்திடறாரு? இனிப்பையும் வாங்கித் தின்னுட்டு இப்படிப் பண்றோமேன்னு எனக்கு வெக்கமா போச்சு."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க" என்றேன். இந்த ஊரில் அப்படிச் சொன்னால் ஆமாம் என்றுதானே எடுத்துக்கொள்வார்கள். விரல் பிரச்சினை என்று உடைத்துச் சொல்லியிருக்கலாம். புருஷனின் விரலைப் பற்றி வாசலில் நின்று பேச எனக்கு வராது. மறுநாள் கீழ்வீட்டுக் குவபாரா, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், டர்னிப் ஊறுகாயோடு வந்தார்.

"அம்மா, தப்பு என் டிவி மேல. சார் உச்சிக்குப் போறப்பதான் சுமோ முடிவு வருது, நான் கத்திடறேன். இனிமே ஆறு மணிக்குப் போடறதில்ல."

"அப்படியெல்லாம் இல்லீங்க, குவபாரா சார்."

"நீங்க நல்லவங்க, சொல்ல மாட்டீங்க" என்று என்னைவிடத் தாழக் குனிந்தார்.

ஸ்ட்ராபெரிக்குப் பதில் மரியாதையாக நான் மீன் கொடுத்தேன். மீனுக்குப் பதிலாக அவள் ஆறு மணிக்குப் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அனுப்ப ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டில் சலவை இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆறு மணியானால் மூன்று மாடியும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. யார் வீட்டிலோ ஒரு கரண்டி விழுந்தால் உடனே "மன்னிச்சுக்கங்க!" என்று சுவர் வழியாகக் குரல் வருகிறது. இத்தனை பேர் ஒரு மனிதன் பாடி முடிக்கட்டும் என்று டிவியையும் துணியையும் பிள்ளைகளையும் தள்ளி வைத்துக் காத்திருக்கிறார்கள். எனக்கு மெய்யாகவே மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் அவருக்கு? "ஏன் இவ்ளோ அமைதி? எல்லாரும் கேக்கறாங்களா?" என்று வெளுத்த முகத்தோடு கேட்டார். அன்றிலிருந்து படுக்கை மெத்தைகளை மடித்து வைக்கும் பெரிய சுவர் அலமாரிக்குள் கிதாரோடு ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, மெத்தைகளுக்கு நடுவில் பாடுகிறார். பாட்டு சன்னமாக ஆக, வெளியே இருப்பவர்கள் இன்னும் அமைதியாகிறார்கள். வெளியே அமைதியாக ஆக அவர் இன்னும் உள்ளே நகர்கிறார்.

ஆகவே என் கருத்து: அவரை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். மண்டபத்தார் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று நீங்களே எழுதுங்கள், நானும் ஆச்சரியப்பட்டதுபோல் இருந்துகொள்கிறேன். நூற்றிருபது பேர் முன்னால், மினோரி பார்த்துக்கொண்டிருக்க, அவர் அந்த இடத்தில் வந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஏமாற்றம் ஆறிவிடும். அவருக்கு அந்த அவமானம் ஆறாது.

மினோரிக்கு எங்கள் இருவரின் ஆசிகள். மாப்பிள்ளை வீட்டாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள்.

சிஹாரு

பி.கு.: தபால் தலை தீர்ந்துபோனதால் நேற்று இதை அனுப்பவில்லை. இன்று ஞாயிறு. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு, வருடத்துக்கு ஒருமுறை கழிவுக் குழாயைச் சுத்தம் செய்ய வரும் குழாய்க்காரர்கள் வந்தார்கள். கீழே லாரியில் பெரிய இயந்திரம், மேலே வீடு வீடாகக் குழாய். எல்லோரும் வீட்டில் இருந்தே ஆக வேண்டிய நாள். எங்கள் சமையலறையில் அறுபது வயது மதிக்கத்தக்க பருத்த மனிதர் ஒருவர் மண்டியிட்டு வேலை செய்தார். இயந்திரம் போட்ட இரைச்சலில் சுவர் அதிர்ந்தது, நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. பத்தேகாலுக்குக் குழாய் எங்கேயோ மடங்கிக்கொண்டது போலிருக்கிறது. இயந்திரம் சட்டென்று நின்றது.

அலமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது. முழுக் குரல். அத்தனை இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தவருக்கு, மெத்தைகளுக்கு நடுவில், அது நின்றதே தெரியவில்லை. பாட்டு உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நான் தட்டு துடைக்கும் துணியைக் கடித்துக்கொண்டேன். எஃப் வந்தது. நன்றாக வரவில்லை, இரண்டு கம்பி கரகரத்தன. அவர் நிற்கவில்லை. அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு ரயில் தாண்டிப் போயே போய்விட்டது.

குழாய்க்காரர் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "அண்ணே, மடிப்ப எடுத்தாச்சு. ஓட்டட்டுமா?"

"இரு" என்றார் அவர் மெல்ல.

"என்னண்ணே ஆச்சு?"

"இருன்னு சொல்றேன்ல. எஃப்பத் தாண்டிட்டாருய்யா." என்னைப் பார்த்து, "முப்பது வருஷம் முன்னாடி நான் அதுலதாம்மா கிதாரையே விட்டேன்" என்றார்.

கடைசி வரி முடிந்து, கம்பி அதிர்வு அடங்கியதும், "இப்ப ஓட்டு" என்றார். இயந்திரம் மறுபடி உறுமியது. அலமாரிக் கதவு திறந்து, தலையெல்லாம் பஞ்சோடு உங்கள் தம்பி வெளியே வந்தார்.

"நடுவுல அது நின்னுச்சா?" என்று கத்திக் கேட்டார்.

"இல்லையே" என்று நானும் கத்தினேன்.

நம்பாமல் குழாய்க்காரரைப் பார்த்தார். அவர் தலையைத் தூக்காமல், "நம்ம மெஷினு ஒரு தடவ ஓட ஆரம்பிச்சா நடுவுல நிக்காதுங்க சார்!" என்றார்.

அவருக்கு ஆறு நிமிடம் ஒதுக்குங்கள், அண்ணி.