படிப்படி சாரின் பத்து மணி மீட்டிங்

நான்காவது திருகாணியை எங்கே முடுக்குவது என்று எழுதி முடித்து ஐந்தாவதற்குப் போகும்போது மேஜைக்கு முன்னால் மேலாளர் வந்து நின்றார். ஒரே ஒரு நிமிஷம் என்றார். அந்த ஒரு நிமிஷம் முடிந்து அவர் நகர்ந்தபோது, எந்தத் திருகாணியில் விட்டோம் என்பது படிப்படி சாருக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது. மறுபடியும் முதல் திருகாணி.

மரச்சாமான் செய்து விற்கும் அந்தக் கம்பெனியில் அவருக்குப் படிப்படி சார் என்றுதான் பெயர். அலமாரியோ மேஜையோ வாங்கி வந்து பெட்டியைப் பிரித்தால், பலகைகளோடு ஒரு சின்னப் புத்தகம் விழுமே, படி ஒன்று, படி இரண்டு என்று படம் போட்டு, அதை எழுதுகிறவர் அவர். இப்போது கையில் இருந்தது குழந்தைகளுக்கான அடுக்குக் கட்டில். விளையாட்டுக் காரியம் இல்லை. ஒரு படி விட்டுப்போனாலும், மேலே படுத்த அக்கா விடிவதற்குள் கீழே படுத்த தம்பியின் மேல் இருப்பாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் புத்தகம் அச்சுக்குப் போயாக வேண்டும். போனால்தான் லீவு. லீவு கிடைத்தால்தான் சனிக்கிழமை காலை மனைவியோடு ரயிலேறி, கடலோரத்தில் ஒரு வாரம் காலை நீட்டி உட்கார முடியும். இதே பயணத்தை மனுஷன் ஏற்கெனவே இரண்டு தடவை கடைசி நேரத்தில் கெடுத்திருக்கிறார். மனைவி இந்தத் தடவை கோபப்படவே இல்லை. அதுதான் ஆபத்து.

"நீங்க வரலைன்னா பரவாயில்லைங்க. உங்க இடத்துல எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போயிடறேன். அவங்க ரெடியாத்தான் இருக்காங்க" என்று துணி மடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் அவருக்கு டைம் பிளாக்கிங் ஞாபகம் வந்தது. போன மாதம் கம்பெனியில் ஒரு பயிற்சியாளரை வரவழைத்து வகுப்பு நடத்தினார்கள். மற்றவர்கள் பிஸ்கட்டுக்காகப் போனார்கள். இவர் ஒருத்தர்தான் காது கொடுத்துக் கேட்டார். சாதாரண டைம் பிளாக்கிங் இல்லையாம், அட்வான்ஸ்டு. தோட்டத்தில் பாத்தி கட்டுகிற மாதிரி நாளைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். மூழ்கிச் செய்யும் வேலைக்குப் பச்சை. சில்லறை வேலைக்கு மஞ்சள். எதிர்பாராமல் வரும் தொல்லைகளுக்கு நடுநடுவே கொஞ்சம் வெற்றிடம். மூளை எப்போது சுறுசுறுப்பாக இருக்கிறதோ அங்கே பச்சையைப் போட வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

அவருக்குக் காலை பத்திலிருந்து பன்னிரண்டு. ஆபீஸில் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் தெரியும் பொதுக் காலண்டரில் அந்த நேரத்துக்குப் பச்சை அடித்து, 'கட்டில் எழுதும் நேரம்' என்று போட்டார். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

மறுநாள் பத்தேகாலுக்குக் கணக்குப் பிரிவு அம்மா வந்து நின்றார். பின்னாலேயே விற்பனைக்காரர். காலண்டரைப் பார்க்கவில்லையா என்று படிப்படி சார் பாவமாகக் கேட்டார்.

"பார்த்துட்டுதான் சார் வந்தேன்" என்றார் கணக்கம்மா. "தனியா உட்கார்ந்து எழுதிட்டு இருக்கீங்கன்னு போட்டிருந்துச்சு. ஏதாவது வேலையா இருந்தா வந்து தொந்தரவு பண்ணுவேனா?"

அவருக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. அந்த ஆபீஸில் வேலை செய்கிறவனை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். மீட்டிங்கில் இருக்கிறவனைக் கூப்பிட ஒருத்தருக்கும் தைரியம் வராது.

பச்சையை அழித்தார். சிவப்பு அடித்தார். 'ஒருங்கிணைப்புக் கூட்டம்' என்று எழுதி, மாடிக்கோடியில் இருந்த சின்ன அறையைத் தன் பெயரில் பதிவு செய்தார். எதை எதோடு ஒருங்கிணைப்பது என்று அவருக்கே தெரியாது. மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார் பாருங்கள், ஏணி வைக்கும் படி வரைக்கும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளிவிட்டார். படிக்கட்டில் இறங்கும்போது சீட்டி அடித்தார். மாமியார் பெட்டி கட்ட வேண்டியதே இல்லை என்று தோன்றியது.

கீழே கணக்கம்மா காத்திருந்தார். கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். படிப்படி சாருக்குப் பொய் வராது. வந்தாலும் சரியானதாக வராது.

"அது கொஞ்சம் ரகசியம்மா" என்று சொல்லிவிட்டார்.

போச்சு. சாயங்காலத்துக்குள் கணக்கம்மாவும் விற்பனைக்காரரும் காலண்டரில் அந்தக் கூட்டத்துக்குத் தங்கள் பெயரைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் பத்து மணிக்கு லேப்டாப்போடு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கூட்டம் என்று போட்டாகிவிட்டது, ஏதாவது பேசித்தானே ஆக வேண்டும். படிப்படி சார் எழுந்து நின்று, ஒருங்கிணைப்பு என்பது ஒருவர் மட்டும் செய்வது அல்ல, பலர் சேர்ந்து செய்யாமல் இருப்பதும் அல்ல என்று ஆரம்பித்தார். அவருக்கே தலைகால் புரியவில்லை. ஆனால் எதிரே இருந்த இருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டக டகவென்று தட்டிக்கொண்டே இருந்தார்கள். நாம் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறார்களே, நாளைக்கு இதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று அவருக்கு வியர்த்தது.

கூட்டத்தின் பெயர் கவர்ச்சியாக இருப்பதால்தான் வருகிறார்கள் என்று முடிவு செய்து அதை மாற்றினார். 'ஒருங்கிணைப்பு முன்னேற்பாட்டு மறுஆய்வுத் துணைக்குழு.' படித்தாலே கொட்டாவி வரும் பெயர். மறுநாள் இன்னும் நாலு பேர் வந்தார்கள். இரண்டு மணி நேரத்தை மூன்றாக்கினால் பயந்து ஓடிவிடுவார்கள் என்று நினைத்து ஒரு மணி வரை நீட்டினார். அன்றைக்குக் கிடங்கே காலியாகி மேலே வந்துவிட்டது. கிடங்குக்காரர் வாயே திறக்காத மனிதர், வந்து மூலையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சின்ன அறை போதாமல் பெரிய ஹாலுக்கு மாறினார்கள்.

இப்போது படிப்படி சாரின் நிலைமை என்ன தெரியுமா? காலையில் மூன்று மணி நேரம் பேசுவார். மத்தியானம் முழுக்க நாளைக்கு என்ன பேசுவது என்று தயார் செய்வார். அழகாகப் பாத்தி கட்டிய காலண்டரில் ஒரு பச்சைகூட மிச்சமில்லை, எல்லாம் சிவப்பு. கட்டில் ஏணியோடு அப்படியே நின்றது. மற்றவர்களோ கூட்டம் முடிந்து ஏதோ சினிமா பார்த்துவிட்டு வருகிற முகத்தோடு வெளியே போனார்கள். தன் பேச்சில் இவ்வளவு விஷயம் இருக்கிறதா என்று அவருக்கு லேசாகப் பெருமையாகக்கூட இருந்தது, அந்த வயிற்றெரிச்சலிலும்.

வியாழக்கிழமை மாலை மேலாளரும் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்ததோடு விட்டாரா? வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நீட்டி வைத்துவிட்டார். இருந்த ஒரே நாளும் போச்சு. வீட்டுக்குப் போனால் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து, கடலோரத்துக்குத் தொப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி இவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அவரோடு போக வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஹால் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் மேலாளர். எல்லோரும் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். படிப்படி சார் எழுந்தார். வேலை போனாலும் போகட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

"எல்லாரும் என்னை மன்னிச்சுடுங்க" என்றார். "ஒருங்கிணைப்பும் இல்லை, துணைக்குழுவும் இல்லை. ரெண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாம கட்டில் எழுதணும்னு நானாக் கிளப்பிவிட்டது இது. இத்தனை நாளா நீங்க எழுதிக்கிட்டதெல்லாம் வெறும் உளறல். நாளைக்கு நான் என் வீட்டுக்காரியோட ஊருக்குப் போகணும். என் வேலை பாதியில நிக்குது."

ஒருத்தர்கூட நிமிரவில்லை. மேலாளர் மட்டும், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, உதட்டில் விரலை வைத்து உஷ் என்றார்.

மூலையிலிருந்து கிடங்குக்காரர் எழுந்து வந்தார். படிப்படி சாரின் கையைப் பிடித்து ஒரு காலி நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய லேப்டாப்பையும் திறந்து முன்னால் நகர்த்தி வைத்து, காதருகே குனிந்தார்.

"இங்க ஒண்ணும் நடக்கலைங்கிறது முத நாளே எல்லாருக்கும் தெரியும் சார், இங்க உட்கார்ந்தா யாரும் கூப்பிட மாட்டாங்கன்னுதானே வந்தோம், எங்க வேலையெல்லாம் மளமளன்னு முடியுது, நீங்க ஆசையாப் பேசறீங்களேன்னுதான் யாரும் தடுக்கலை, இன்னைக்கு ஒரு நாள் பேசாம உட்கார்ந்தீங்கன்னா உங்க வேலையும் முடிஞ்சிடும்."