பதினொரு பேரும் ஒரு பாட்டில் இருமல் மருந்தும்

நேராகவே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் நடந்த போதைப்பொருள் சோதனையில் மாட்டியவன் நான். மாணவனாக இருந்தபோது மாட்டியிருந்தால் வயசுக்கோளாறு என்று விட்டிருப்பார்கள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. நான் ஆசிரியர்.

ஆசிரியர் என்றால் நிரந்தரம் இல்லை. கிள்ளானில் ஒரு இடைநிலைப்பள்ளியில் தற்காலிக ஆசிரியர். மூன்று மாத ஒப்பந்தம். நிரந்தர ஆசிரியர்கள் கழுத்துப்பட்டை கட்டுவதில்லை, நான் கட்டினேன். கேண்டீன் அக்கா என்னை இன்ஷூரன்ஸ் விற்க வந்தவன் என்று நினைத்து இரண்டு வாரம் சிரிக்கவே இல்லை.

ஒரு நாள் கட்டொழுங்கு ஆசிரியர் முனியாண்டி சார் கூப்பிட்டார். "தம்பி, வியாழக்கிழமை யூரின் டெஸ்ட்டுக்கு ஆள் வராங்க. சந்தேகமான பையன்க பேரு வேணும். நம்ம பையன்களைப் பத்தி உனக்குத் தெரியும்தானே? எழுதிக் குடுலா."

எனக்கு ஒன்றும் தெரியாது. வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் ஒரு பெரியவர் நம்பிக் கேட்கிறார், அடுத்த மாதம் ஒப்பந்தம் வேறு புதுப்பிக்க வேண்டும். உட்கார்ந்து மளமளவென்று எழுதினேன். முடி நீளமாக இருந்தவர்கள் நால்வர். கண் சிவந்திருந்தவர்கள் மூவர். பின் பெஞ்சில் காரணமில்லாமல் சிரிப்பவர்கள் இருவர். நான் கரும்பலகையில் விட்ட எழுத்துப்பிழையை எல்லார் முன்னாலும் திருத்திய ஒருவன் (இவனை என்ன சந்தேகத்தில் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை). பதினொன்றாவதாக நான்காம் படிவத்தில் படிக்கும் பதினாறு வயது தினேஷ். தினமும் முதல் பாடத்தில் மேசையில் தலை வைத்துத் தூங்குவான். மற்ற ஆசிரியர்கள் ஒரு பெயரும் கொடுக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை அறிவியல் கூடத்துக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பதினொரு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் குவளை. பொறுப்பாளர் நான். தண்ணீர் பாட்டில்களை நீட்டிக்கொண்டு, "குடிங்கடா, குடிங்க" என்று கல்யாணப் பந்தியில் உபசரிப்பதுபோல நடந்தேன். ஒருவனுக்கும் வரவில்லை. பக்கத்தில் ஆள் நின்று பார்த்தால் யாருக்குத்தான் வரும்?

"சார், எங்களுக்குக் கூச்சமா இருக்கு. நீங்க முதல்ல குடுங்க சார், அப்புறம் நாங்க குடுக்கறோம்" என்றான் தினேஷ்.

"சாருக்குப் பயம்லா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பயமா, எனக்கா? கழுத்துப்பட்டையைத் தோளுக்குமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரு குவளையை எடுத்தேன். அதிகாரி மலாயில், "ஆசிரியருக்கும் வேணுமா? சரி" என்றார். நான் போய்விட்டு வெற்றி வீரனாகத் திரும்பினேன். பையன்கள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவனாகப் போய்வந்தான்.

சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தால் சுத்தம். ஒரு கோடு என்றால் சிக்கல். பதினொரு குவளையிலும் இரண்டு கோடு. பன்னிரண்டாவதில் ஒன்று.

அதிகாரி என்னைப் பார்த்தார். குவளையைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கதவோரம் நின்றிருந்த முனியாண்டி சார் வந்து என் காதருகே குனிந்தார். "தம்பி, காலையில என்னா சாப்பிட்ட?"

"தோசை, சார்."

"வேற?"

"சட்னி."

"அடேய், வேற என்னாடா?"

அப்போதுதான் இருமல் வந்தது. இருமலோடு ஞாபகமும் வந்தது. நான்கு நாளாக அம்மா கிளினிக்கில் வாங்கிய இருமல் மருந்தைக் காலையும் மாலையும் எனக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டியில் அளந்தெல்லாம் இல்லை, டம்ளரில். அதில் அபினிலிருந்து எடுக்கும் ஏதோ ஒன்று கலந்திருக்கும் என்று அதிகாரி விளக்கினார். விளக்கிக்கொண்டே என் குவளைக்குச் சீல் வைத்தார். ஆய்வகத்திலிருந்து முடிவு வரும்வரை நான் வகுப்பெடுக்கக் கூடாது.

பையன்கள் சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. வாசலில் தினேஷ் மட்டும் நின்று, "கவலைப்படாதீங்க சார். உள்ள போட்டாலும் நாங்க வந்து பாப்போம்" என்றான். உண்மையாகவே சொன்னான். அவன் பெயரை எழுதிய பேனா என் சட்டைப்பையில் இருந்தது.

அம்மா கிளினிக்குக்குப் போய், "என் புள்ளைக்கு என்னாத்த ஊத்திக் குடுத்தீங்க?" என்று போட்ட சத்தத்தில், காத்திருந்த நோயாளிகளில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்களாம். மூன்று வாரம் கழித்து ஆய்வக முடிவு வந்தது. கூடவே, இன்னார் போதைப்பொருள் உட்கொள்பவர் அல்ல என்று முத்திரை குத்திய கடிதம். அம்மா அன்றைக்கே அதை லேமினேட் செய்தார்.

நான்கு நாள் கழித்து ஒரு மத்தியானம் தினேஷ் வீட்டுக்கு வந்தான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, கேட் பக்கத்திலேயே நின்றான்.

"சார், உங்களுக்கு லெட்டர் வந்துச்சாமே. எனக்கும் ஒண்ணு வாங்கித் தர முடியுமா?"

"உனக்கு எதுக்குடா? உனக்குத்தான் ரெண்டு கோடு வந்துச்சே."

"அப்பா நம்பல சார். சும்மாவா உன் பேர எழுதுவாங்கன்னு கேக்குறாரு. தலைய மொட்டை அடிச்சி விட்டுட்டாரு." தொப்பியைக் கழற்றிக் காட்டினான். "மாமா டயர் கடையில ராத்திரி வேலை செய்றேன் சார், போர்ட் கிள்ளான்ல. அதான் காலையில தூக்கம். அந்தக் காசுலதான் இதெல்லாம் செய்றேன்னு நெனைக்கிறாரு." பிறகு, "என் பேர யாரு சார் குடுத்தது? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலடா" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது.

மறுநாள் முனியாண்டி சாரிடம் போனேன். அவர் சிரித்தார். "ஒண்ணும் இல்லாதவனுக்கு என்னா லெட்டர்? மாட்டுனாத்தான் தம்பி லெட்டரு. அது சரி, உன் காண்ட்ராக்ட் பேப்பர் என் மேசையிலதான் இருக்கு, பாத்தியா?"

பார்த்தேன். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பள்ளியின் கடிதத்தாளே தேவைப்பட்டிருக்காது. ஒரு வெள்ளைத்தாளில், 'ஐயா, உங்கள் மகன் பெயரை எழுதியவன் நான். அவன் வகுப்பில் தூங்கினான், அவ்வளவுதான்' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். நேரில் போயும் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் அரை மணி நேரம். ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும் என்று ஒரு வாரம் தள்ளினேன். கையெழுத்தானது. பள்ளி விடுமுறை வரட்டும் என்று இன்னொரு மாதம் தள்ளினேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது தினேஷின் இடம் காலி. அப்பாவே தன் லோரியில் கூட்டிக்கொண்டு போகிறாராம், கண்முன்னால் இருக்கட்டும் என்று.

எங்கள் வீட்டில் இந்தக் கதை வேறு மாதிரி. பூச்சோங்கில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது அம்மா ஜாதகத்தோடு அந்தக் கடிதத்தையும் எடுத்து நீட்டினார். "மத்த பையன்களுக்கு அம்மாதான் சொல்லணும். என் பையனுக்கு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு!" பெண்ணின் மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் உரக்கப் படித்தார். அறைக்குள் இருந்த பெண் சிரித்த சிரிப்பு கூடம்வரை கேட்டது. அவள்தான் என் மனைவி.

இப்போதும் தீபாவளிக்குத் தீபாவளி யாராவது ஒருவர் தும்மினால் போதும், மச்சான் ஆரம்பித்துவிடுவார். "டேய், மருந்து ஊத்தாதே, மாப்பிள்ளை வேலை போயிடும்!" பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். அம்மா தோசையையும் சட்னியையும் நடித்துக் காட்டுவார்.

எல்லாருக்கும் முன்னால் சிரிக்கத் தொடங்குவது நான்தான். சத்தமாகச் சிரித்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அந்தப் பையன்களின் பெயரை யார் கொடுத்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.