வெளிநாடு புறப்பட்ட டிராக்டர்

உலக வர்த்தகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இனி தருமபுரி மாவட்டத்து இண்டூர் சாலையைத் தவிர்க்கவே முடியாது. ஏழு வெளிநாடுகள் நமது மாங்கூழுக்குச் சுங்கவரியை நீக்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன. அதன் 'பலன்' விவசாயியைச் சென்றடைந்த பொன்னான கணத்தை நேரில் காணும் பாக்கியம், நிருபர் என்ற முறையில் எனக்குக் கிடைத்தது.

சென்றடைய வேண்டிய விவசாயி மாரப்பன், மாங்கூழ் ஆலைக்கு வெளியே மூன்று நாட்களாக வரிசையில் நின்றார். அவருடைய டிராக்டரில் நான்கு டன் பெங்களூரா மாம்பழம். முன்னால் இரண்டே வண்டிகள். பின்னால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு வண்டிகள். அடியிலிருந்த பழங்கள் சாறு விடத் தொடங்கிவிட்டன. இன்று உள்ளே போனால் பழம், நாளை போனால் குப்பை.

இந்த வரிசைக்கு எந்த அரசாங்கமும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. என்ன காரணமானாலும், விலகிய வண்டி கடைசிக்குத்தான் போக வேண்டும். சென்ற ஆண்டு ஒருவர் வண்டியில் உட்கார்ந்தபடியே மகளின் நிச்சயதார்த்தத்தைச் செல்போனில் நடத்தி முடித்தார்.

பதினொரு மணிக்கு ஏற்றுமதி விழிப்புணர்வு அதிகாரி அறிவழகன் பச்சைக் கொடியுடன் வந்திறங்கினார்.

"ஏழு நாடு உங்க பழத்துக்காகக் கதவைத் தொறந்து வெச்சிருக்கு!"

"அது கெடக்கட்டுங்க சார். இந்த கேட்டை எப்பங்க தொறப்பாங்க?" என்று கேட்டார், பழக்குவியலின் மேல் குடைபிடித்து உட்கார்ந்திருந்த மாரப்பனின் மனைவி காவேரி.

"போன வருசத்துக் கூழே உள்ள தேங்கி நிக்குதாம். அதெல்லாம் சின்ன விசயம்மா. நாம பெருசா யோசிக்கணும்."

பெரிதாக யோசித்ததில், மாரப்பனின் வண்டியைக் கொடியசைத்து வெளிநாட்டுக்கு 'வழியனுப்புவது' என்று முடிவாயிற்று. கொடியசைத்தால் வண்டி நகர வேண்டும். முன்னால் நகர இடமில்லை.

"பத்தடி வெளிய எடுத்துட்டுத் திரும்ப உட்டுக்கலாம். போட்டோவுக்குத்தான்."

"ஏங்க, எடுக்காதீங்க. லைனு போயிரும்" என்றார் காவேரி.

"ஆபீசரே சொல்றாரு, கம்முனு இரு." மாரப்பன் தோளில் அதற்குள் பொன்னாடை விழுந்திருந்தது. பொன்னாடை விழுந்த மனிதர் எதையும் மறுப்பதில்லை.

கொடி அசைந்தது. வண்டி பத்தடி போயிற்று. படத்தில் அதிகாரி கண்ணை மூடியிருந்ததால் கொடி மறுபடியும் அசைந்தது. வண்டி இன்னொரு பத்தடி போயிற்று. அப்போதுதான், அன்றைக்கு முதல் முறையாக, ஆலையின் கேட் திறந்தது. முன்னாலிருந்த இரண்டு வண்டிகளும் உள்ளே போயின. மூன்றாவதாக, மாரப்பனுக்குப் பின்னால் நின்ற பச்சியப்பனின் டிராக்டர் நுழைந்தது. கேட் மூடியது.

"பச்சியண்ணா! அது எங்க எடமுங்க!" என்று கத்தினார் காவேரி.

"நீங்கதான் ஃபாரினுக்குக் கெளம்பிட்டீங்களே!" என்றது கேட்டுக்கு உள்ளிருந்து வந்த குரல். "வரும்போது எங்களுக்கு எதனா வாங்கியாங்க!"

மாரப்பன் அதிகாரியைப் பார்த்தார். "வரிசை விவகாரம் எங்க டிபார்ட்மெண்ட்ல வராதுங்க" என்று சொல்லிவிட்டு, கொடியைச் சுருட்டிக்கொண்டு காரில் ஏறினார் அறிவழகன். ஏற்றுமதி வண்டி, ஒன்றரைக் கிலோமீட்டர் பின்னோக்கிப் பயணத்தைத் தொடங்கியது.

மறுநாள் நாளிதழில் படத்துடன் செய்தி வந்தது: 'தருமபுரி மாம்பழம் வெளிநாடு புறப்பட்டது!' எழுதியது நான்தான்.

அன்று காலையிலேயே மாரப்பன் நான்கு டன்னையும் சாலையோரம் கொட்டிவிட்டார். போய்ப் பார்த்தேன். மாடுகள் தின்றுகொண்டிருந்தன. எண்ணினேன்: சரியாக ஏழு. ஒப்பந்தத்தில் சொன்னபடியே, ஒன்றுகூட சுங்கவரி கேட்கவில்லை.