பூவாடையில் கேட்ட பாயிண்ட் கேப்

பிள்ளைப்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை

பெங்களூரில் சகல சௌக்கியத்தோடும் வாழும் மைத்துனர் அன்பு அவர்களுக்கு, உங்கள் அக்கா புருஷன் சுப்பராயன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், மகள் வேல்விழி நலம், கார் மிக நலம். உங்கள் அக்கா எழிலரசி நலமா என்று கேட்டால், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் அவள் காதில் விழும். இப்போதெல்லாம் அவள் காது ரொம்பக் கூர்மை.

உங்கள் அப்பா கண்மூடும் முன், பேத்தி தன் பழைய காரில்தான் கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் தன் ஆவி கூட அந்த வாசலை மிதிக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிற வெள்ளிக்கிழமை வேல்விழிக்கு முகூர்த்தம். காரோ, கிளம்பியதும் நாலு சிலிண்டரும் தலைக்கு ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். அந்தக் காலத்து முறைப்படி, பொறி விடும் பாயிண்ட் இரண்டுக்கும் நடுவே சரியான கேப் வைத்து ட்யூன் செய்யத் தெரிந்தவர் கிடைப்பாரா என்று நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல மச்சான். ஒரகடத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரோடு வந்தவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒயர் சொருகும் இடம் எங்கே சார் என்று கேட்டான். தண்டலத்தில் பழைய மேனுவல் ஒன்று கிடைத்தது, அதன்படி செய்ததில் இருமலோடு தும்மலும் சேர்ந்துகொண்டது. மாடியில் குடியிருக்கும் பெருமாள்சாமிக்குக் கார் கம்பெனியில் இஞ்சின் லைனில்தானே வேலை என்று அவனைக் கூப்பிட்டால், "அண்ணாச்சி, எனக்கு அங்க நாலு போல்டுதான். அதுக்கு முன்னால என்ன, பின்னால என்னன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல" என்றான். தினம் இத்தனை கார் பிறக்கிற சீமையில் ஒரு காருக்கு வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. நடுவில் உங்கள் அக்கா வேறு ஏதோ சொல்ல வந்தாள். இஞ்சின் விஷயத்தில் நீ தலையிடாதே என்று சமையல்கட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

இந்த நிலைமையில் ஞாயிற்றுக்கிழமை பூவாடை வைத்தோம். கல்யாணத்துக்கு முன் செத்தவர்களைப் பம்பை அடித்து அழைத்து வாக்குக் கேட்காமல் நம் வீட்டில் பந்தக்கால் நட்டதுண்டா? உங்களுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. பம்பை ஏற ஏற, சுவரோரம் நின்ற எழிலரசி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, இடது தோளை மட்டும் தூக்கினாள். அது உங்கள் அப்பா நிற்கிற நிலை. பிறகு என்னைப் பார்த்து "மாப்ளே" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க' என்று கூப்பிடுகிறவள்.

மனசு குளிர வருவீர்களா என்று கேளுங்கள் என்று பம்பைக்காரர் எடுத்துக்கொடுத்தார். என் வாயில் வந்தது வேறு. "மாமா, பாயிண்ட் கேப் எவ்ளோ வைக்கணும்?"

பம்பை நின்றது. அவள் உங்கள் அப்பா மாதிரியே மூக்கால் சிரித்தாள். "இப்பவாச்சும் கேட்டியே. கல்யாணப் பத்திரிகை அட்டைய நடுவுல வுட்டுப் பாரு, லேசா புடிச்சா போதும். இப்போ கீற பெட்ரோல் வேற. கார்பரேட்டர் ஸ்குரூவ அரை சுத்து கூடவே தொற."

செத்தவருக்கு இந்தக் காலத்துப் பெட்ரோல் எப்படித் தெரிந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மகளின் பத்திரிகையைக் கிழித்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன், மொத்தக் கூட்டமும் பின்னால் ஓடி வந்தது. ஒரு இருமல் இல்லாமல் வண்டி ஓடியது மச்சான். நான் அழுதே விட்டேன். அந்தச் சந்தோஷத்தில், வந்தவரைக் கற்பூரம் காட்டி மலையேற்ற வேண்டும் என்பதை அத்தனை பேரும் மறந்துபோனோம். விட்டது விட்டதுதான், இனி கொள்ளி வைத்த மகன் வந்து காட்டினால்தான் போவார் என்று பம்பைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அன்றிலிருந்து அவள் என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுகிறாள். வண்டியைக் கிளப்பினால் சமையல்கட்டிலிருந்தே "மூணாவது பிளக்கத் தொடை" என்கிறாள். இரண்டு நாளாக நான் கண் விழிக்கும்போது ஷெட்டில் வண்டி சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் சீட்டில் யாருமில்லை, சாவி ஆணியில் தொங்குகிறது. இவளோ பால் தூக்கோடு தெருவிலிருந்து ஒன்றுமறியாதவள் போல வருகிறாள். அதட்டிக் கேட்கலாமென்றால் மாமனாரை அதட்ட எனக்கு வாய் வருமா? அவர் பக்கத்தில் எப்படிப் படுப்பது? பெருமாள்சாமியின் அறையில் சுருண்டு படுக்கிறேன், அவன் குறட்டையில் நாலு சிலிண்டரும் கேட்கிறது. வண்டி கிடைத்தது, பெண்டாட்டி போய்விட்டாள். எனக்கு வண்டி வேண்டாம், அவள் வேண்டும். வெள்ளிக்கு முன் எப்படியாவது வந்து கற்பூரம் காட்டிவிடுங்கள்.

உங்கள் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் வரவையே நம்பியிருக்கும்
சுப்பராயன்

பி.கு.: தம்பி அன்பு, இதை எழுதுவது அக்கா. கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் போடச்சொல்லி என்னிடமே கொடுத்திருக்கிறார் உன் மாமா. அப்பா என் மேல் வரவில்லை. பாவாடை கட்டிய நாளிலிருந்து அவர் ரிப்பேர் பார்க்கும்போது டார்ச் பிடித்தவள் நான், எனக்குத் தெரியாதா? எத்தனையோ முறை இவரிடம் சொல்லப் போய் வாயடைத்துத் திரும்பினேன். அதையே அப்பா மாதிரி நின்று சொன்னதும் தெறித்து ஓடினார். வெள்ளிக்கிழமை வரை மாப்ளே என்றுதான் கூப்பிடுவேன், கிடக்கட்டும். அதனால் நீ கற்பூரத்துக்காக அலைய வேண்டாம், நிதானமாகக் கல்யாணத்துக்கு வா என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். ஆனால் விடியற்காலையில் வண்டியை ஓடவிடுவது நான் என்று இவர் எழுதியிருப்பதை இப்போதுதான் படித்தேன். அது இவர் வேலை என்றல்லவா நான் இருந்தேன்.

கடிதம் கண்டதும் புறப்படு தம்பி. கற்பூரம் பெரிய டப்பாவாக வாங்கி வா.