வில்சன் தேடிய எண்ணெய்

வேலை செய்யாதவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை சோம்பேறி. படுத்துத் தூங்குவார், யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டாம் வகை, ‘செய்தால் ஒழுங்காகச் செய்யணும்’ ஆசாமி. இவர் ஓயாமல் உழைப்பார். வேலை மட்டும் நடக்காது. எண்ணூர் வில்சன் இந்த இனத்தில் ஒரு திலகம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தங்கை அடைக்கலமேரி கோயில் திருவிழாவில் பலூன் சுடும் கடை போடுகிறவள். கொடியேற்றத்தன்று எங்கே கடை விரித்தீர்களோ, தேர் முடியும்வரை அந்த இடம் உங்களுடையது. அன்று விரிக்காவிட்டால் வேறொருவர் விரித்துவிடுவார். வாசலை ஒட்டிய இடம், கணவன் போனபிறகும் அவள் ஒற்றை ஆளாகக் காப்பாற்றிய இடம். இந்த வருடம் பார்த்து, அவளுடைய ஒரே ஏர்கன்னின் மரக்கட்டை உப்புக்காற்றில் வெடித்து, சுடுகிறவர்கள் கன்னத்தில் சிலாம்பு குத்தியது. “கொஞ்சம் எண்ணெ தடவிக் குடுண்ணே, கொடியேத்தத்துக்கு வோணும்” என்று அண்ணனிடம் கொடுத்தாள். பாவி, கொடுத்தாளே!

எண்ணெய் என்றால் எந்த எண்ணெய்? அன்றே துப்பாக்கியைக் கழற்றி, திருகாணிகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கட்டையின் பழைய வார்னிஷை உப்புத்தாளால் ஒட்டத் தேய்த்தார். அத்தோடு வேலை முடிந்தது, ஆராய்ச்சி பிறந்தது. லின்சீட் ஆயிலை, அதாவது ஆளிவிதை எண்ணெயை, விரலால் சூடுபறக்கத் தேய்க்கும் ஒரு வெள்ளைக்காரரைக் கைப்பேசியில் பார்த்தார். லின்சீட்டா, பூசணம் பிடிக்கும், சீனத்து டங் கொட்டை ஆயில்தான் தண்ணீர் தாங்கும் என்று சாதித்த இன்னொருவரையும் பார்த்தார். பாரிமுனைக்கு பஸ் ஏறி பச்சை லின்சீட், காய்ச்சிய லின்சீட், டங், தேக்கு எண்ணெய் என்று புட்டிபுட்டியாக வாங்கிவந்து, துண்டு துண்டு மரங்களில் தடவி, மொட்டைமாடிச் சுவரில் வரிசையாக வெயிலில் வைத்து, கோழி முட்டையைப் பார்ப்பதுபோல் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். காய்வதற்குள் எண்ணூர்க் காற்று அனல்மின் நிலையச் சாம்பலை அள்ளித் தூவியது. எல்லாத் துண்டும் ஒரே கறுப்பு! வேறொருவர் என்றால் தலையில் அடித்துக்கொள்வார். வில்சனுக்கோ உள்ளூர மகிழ்ச்சி. மறுபடி முதலிலிருந்து தொடங்க நியாயமான காரணம் கிடைத்துவிட்டதே.

“இன்னாண்ணே, ஆச்சா?”

“இரும்மே. அவசரத்துல தடவுனா பிசுபிசுன்னு கெடக்கும். மரம் மூச்சு வுடணும்.”

“மரம் வுடட்டும். நான் எப்ப வுடறது? நாளைக்குக் கொடியேத்தம்ணே!”

“அதான் ராவிக்குள்ள முடிவு பண்ணிக்கினு கீறேன்.”

மறுநாள் சாயங்காலம் அவள் ஓடிவந்தபோது கட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. வில்சன் டங்கா லின்சீட்டா என்ற நிலையிலேயே இருந்தார். குழலையும் கட்டையையும் முந்தானையில் சுருட்டிக்கொண்டு, திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டு ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் மணியடித்து, கொடி ஏறிவிட்டது. வாசலை ஒட்டிய இடத்தில் ஜெகதீசன் என்கிறவரின் பஜ்ஜிக் கடையில் கூட்டம் முண்டியது.

பலூன் பலகையைப் பிடித்துக்கொண்டு அடைக்கலமேரி நடுத்தெருவில் அழுதாள். பின்னாலேயே வந்த வில்சனுக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய்ந்தார்.

“நைனா, இது என் தங்கச்சி எடம்! மரியாதையா...”

அப்போது அவர் பார்வை வாணலிக்குள் விழுந்தது.

“ஆமா, இது இன்னா ஆயிலு? கடலையா, பாமாயிலா?”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படித்து வரும்போது, ‘டங்காவது லின்சீட்டாவது, பேசாமல் இன்னதைத் தடவியிருக்கலாமே’ என்று உங்களுக்கு ஓர் எண்ணெய் தோன்றியிருந்தால், தயவுசெய்து அடைக்கலமேரி கண்ணில் பட்டுவிடாதீர்கள். கழற்றிக் கிடந்த துப்பாக்கியை அவள் திருகாணி முறுக்கிப் பூட்டி முடித்துவிட்டாள்.