பெரியவர் குடியிருந்த கிட்டார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே பஸ்ஸை விட்டு இறங்கினால் வழி கேட்க வேண்டியதில்லை. தோளில் கிட்டார் பையோடு போகிற யார் பின்னாலாவது நடந்தால் போதும். ஹலீம் நானாவின் லைட் கடைக்கு மேல்மாடியில் கொண்டுபோய் விடுவார்கள். படியெல்லாம் செருப்பு. மாடியெல்லாம் சாம்பிராணி. வாசலில் பெரிய பலகை: 'நாதசித்தர் ஞானாலயம். இங்கே உயிருள்ள பேஸ் கிட்டார்கள் மட்டும்.'

பேஸ் கிட்டார் என்பது சாதாரணக் கிட்டாரின் தடித்த அண்ணன். கல்யாண வீட்டில் பைலா ஆட்டப்பாட்டு வாசிக்கும்போது காதில் கேட்பதற்கு முன்பே நெஞ்சில் இடிக்கிறதே, அந்தச் சத்தம் அதனுடையதுதான். அதில் பழைய மாதிரி ஒன்று, புதிய மாதிரி ஒன்று. பழையதில் கம்பிக்குக் கீழே காந்தம், ஓரத்தில் இரண்டு திருகு, அவ்வளவுதான். புதியதில் உள்ளே ஒரு சின்னப் பெட்டரி இருக்கும். சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், மெருகேற்றலாம். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்கு இது. பிளேன் டீயா பால் டீயா என்பது போல. இதில் ஆவிக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நாதசித்தர் வேலை போட்டுக் கொடுத்தார்.

அவருடைய இயற்பெயர் நடராஜா. மஹய்யாவையில் போன் உறை விற்றுக்கொண்டிருந்தவர். போன் உறைக்கு உயிர் இருக்கிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்ததும் தொழிலை மாற்றினார். தாடி வளர்ந்தது. தாடியோடு ஞானமும் வளர்ந்தது.

"அறுபது வருசத்துக்கு முந்தி செஞ்ச கிட்டார்ல வாசிச்சவனோட மூச்சு தங்கியிருக்கு," என்பார். "புதுசுல என்னா இருக்கு? பெட்டரி! பெட்டரி போட்ட பொம்மையும்தான் ஆடுது. அதுக்கு உசிரு இருக்கா?"

"இல்ல சாமி!" என்று கூட்டம் கத்தும்.

உடனே ஒரு புதிய கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டுவார். தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுவது போலிருக்கும். அதற்குள் இருந்த பெட்டரி எத்தனை மாதமாகச் சாகக் கிடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு, மாலை போட்டு நிறுத்தியிருக்கும் 'பெரியவரை' எடுப்பார். பெரியவர் என்பது கறுத்துப்போன, வர்ணம் உரிந்த ஒரு பேஸ் கிட்டார். கப்பலில் வாசித்துக் கடலிலேயே உயிரை விட்ட ஒரு மேதை அதற்குள் குடியிருக்கிறாராம். மேதையின் பெயர் மட்டும் சித்தருக்கும் தெரியாது. ஒரு தட்டு தட்டுவார். தரை அதிரும். முன்வரிசையில் கண்கள் கலங்கும். அடுத்த கணமே கிட்டாரில் செருகிய ஸ்பீக்கர் வயரை உருவிவிடுவார்.

"பெரியவர் களைச்சுட்டாரு!"

கூட்டம் கையெடுத்துக் கும்பிடும்.

உயிரில்லாத கிட்டார் வைத்திருப்பவர்கள் அதை அங்கேயே ஒப்படைத்து, மேலே ஒரு காணிக்கையும் வைத்து, உயிருள்ள ஒன்றை வாங்கிப் போக வேண்டும். ஒப்படைத்தவற்றை மகாவலி ஆற்றில் கரைத்துவிடுவதாகச் சித்தர் சொன்னார். மகாவலியில் இதுவரை ஒரு கிட்டாராவது மிதந்து வந்ததாகத் தகவல் இல்லை. அதையும் யாரும் கேட்கவில்லை.

ஷிராணி ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வேலை செய்தாள். நாள் முழுக்க மற்றவர்களின் முனகலைக் கேட்டவள், மாலையில் பிறையனின் கல்யாண பேண்டில் பேஸ் வாசித்தாள். அவளுடையது புது மாதிரி. மெலிந்த கழுத்து, பாரமில்லாத உடல். விடிய விடிய நின்று வாசித்தாலும் தோள் வலிக்காது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஆசை ஆசையாக வாங்கியது.

ஒரு நாள் பிறையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"ஷிராணி, நம்ம பேண்டு ஏன் படுத்துக் கெடக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சிச்சு. ஒன்னோட கிட்டாருக்கு உசிரு இல்லையாம்."

"போன கல்யாணத்துல நீங்க பாட்ட பாதியில மறந்துட்டு நின்னீங்களே அண்ணே, அதுவும் என் கிட்டார் பண்ணுனதா?"

"அதயேதான் சாமியும் சொன்னாரு! செத்த கிட்டார் பக்கத்துல நின்னா வாய கட்டிப்போடுமாம்."

"அண்ணே..."

"ஒன்னும் பேசாத. ஞாயித்துக்கெழம வந்து அத மாத்திக்க. இல்லாட்டி டிசம்பர் கல்யாணத்துக்கு நான் வேற ஆள் பாக்கணும்."

அவர் போன பிறகு ஷிராணிக்கு அழுகை வந்தது. வாரம் முழுவதும் பிறர் சொன்னதைச் செய்கிறவளுக்குத் தன் விரல் தன் இஷ்டத்துக்கு ஓடுகிற இடம் அந்த பேண்டு ஒன்றுதான். அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. கோபம் கொஞ்சம் கூடுதலாக வந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பிறையனோடு போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். எல்லோரும் சித்தரின் தாடியைப் பார்த்தார்கள். அவள் கையைப் பார்த்தாள். தட்டினார், அதிர்ந்தது, வயரை உருவினார். ஷிராணிக்குச் சுருக்கென்றது. வயர் செருகியிருக்கும் வரை பெட்டரி கரைந்துகொண்டே இருக்கும். அதனால் பெட்டரிக் கிட்டார்க்காரர்கள்தான் வாசித்து முடித்ததும் வயரை உருவுவார்கள். அவளும் அப்படித்தான். பெட்டரியே இல்லாத பெரியவருக்கு இந்த அவசரம் எதற்கு?

பக்கத்தில் பன்விலையிலிருந்து வந்த சந்திரகுமார் நின்றான். தேயிலைத் தோட்டத்துத் திருவிழாக்களில் வாசிக்கிறவன். சித்தரிடம் முன்பே தன் கிட்டாரை ஒப்படைத்தவன். இன்று பெரியவரையே வாங்கிப் போக வந்திருந்தான். பெரியவர் போனால் ஞானாலயம் என்னாகும் என்று கவலைப்படாதீர்கள். அடுத்த வாரம் இன்னொரு பெரியவர் வருவார். அந்த மாடியில் பெரியவர்களுக்குப் பஞ்சமில்லை.

சித்தர் ஷிராணியின் பையைப் பார்த்துக் கை நீட்டினார். "கொண்டாம்மா அந்தப் பொணத்த."

"தர்றேன் சாமி. அதுக்கு முந்தி ஒரு ஆச. இந்தத் திரைக்குப் பின்னால நின்னு நான் வாசிக்கிறேன். எது உசிருள்ளது, எது செத்ததுன்னு நீங்க கேட்டுச் சொல்லுங்க."

சித்தர் தாடியைத் தடவினார். "சித்தன சோதிக்கக் கூடாதும்மா..."

"சாமி கண்ண மூடிக்கிட்டே சொல்லுவாரு!" என்று முன்வரிசை கத்தியது. "காதப் பொத்துனாலும் சொல்லுவாரு!"

பக்தர்கள் இப்படித்தான். தூக்கி வைத்தால் இறங்க விடமாட்டார்கள்.

பெரியவரும் உள்ளே இருக்கும்படி மேடைத் திரையை இழுத்துவிட்டு, ஷிராணி அதன் பின்னால் போனாள். சாட்சிக்குச் சந்திரகுமாரையும் கூடவே அழைத்துக்கொண்டாள். ஸ்பீக்கர் மட்டும் வெளியே இருந்தது. முதலில் ஒரு மெட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி அதே மெட்டு.

"முதல்ல வாசிச்சது பொணம்!" சித்தர் கையை உயர்த்தினார். "ரெண்டாவது பெரியவர்! கேட்டீங்களா, கடல் காத்து அடிக்குது!"

"எனக்குப் புல்லரிக்குது!" என்று பிறையன் சட்டைக் கையைச் சுருட்டி எல்லோருக்கும் காட்டினார். உண்மையாகவே புல்லரித்திருந்தது.

திரை விலகியது. பெரியவர் தன் இடத்தில் நின்றார். மாலையில் ஓர் இதழ்கூட அசங்கவில்லை.

"பெரியவர நான் தொடவே இல்ல சாமி," என்றாள் ஷிராணி. "ரெண்டு தடவையும் என்னோடத்தான் வாசிச்சேன்."

"ஆமா, நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்," என்றான் சந்திரகுமார்.

சித்தர் லேசுப்பட்டவரா? கண் இமைக்கும் நேரத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"அற்புதம் நடந்திருச்சு! இந்தப் புள்ள பக்தியப் பாத்து, பெரியவர் அவ கிட்டாருக்குள்ள தாவிட்டாரு!"

"ஆ!" என்றது கூட்டம். இரண்டு பேர் ஷிராணியின் கிட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ஷிராணியும் கை கூப்பினாள். "அப்ப அந்தப் பழசு இப்ப வெறும் கட்டதானே சாமி?"

"வெறும் கட்டதான்!"

"அப்ப தொறந்து பாத்தா பாவம் இல்லயே."

சித்தர் பெரியவர் பக்கம் பாய்ந்தார். அதற்குள் பையிலிருந்த திருப்புளியை அவள் சந்திரகுமாரிடம் கொடுத்துவிட்டாள். அவன் பெரியவரைக் குப்புறப் போட்டு, முதுகுத் தகட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கடைசி ஆணியில் கை நின்றது.

"இது... இது எங்க வீட்டு அலுமாரி ஆணி!"

"என்னா சொல்றீங்க தம்பி?" என்றார் பிறையன்.

"என் கிட்டார்ல ஒரு ஆணி தொலஞ்சுபோச்சு. அலுமாரி கதவுல இருந்து கழட்டி நாந்தான் போட்டேன். இது என் கிட்டாருங்க! மகாவலியில கரைச்சிட்டேன்னு சொன்னீங்களே சாமி!"

தகடு வந்தது. உள்ளே மரம் புது மரம் போல வெளுப்பாக இருந்தது. நடுவில் சதுரமாக ஒரு பெட்டரி சொகுசாகப் படுத்திருந்தது. கப்பலில் செத்த மேதை அவர்தான். சந்திரகுமார் ஈரத் துணியால் வெளிப்பக்கத்தைத் தேய்த்தான். துணி பழுப்பானது. முகர்ந்து பார்த்தான். பன்விலையில் பிறந்தவன் மூக்கைத் தேயிலை விஷயத்தில் ஏமாற்ற முடியுமா?

"தேயிலச் சாயம்! அறுபது வருசம் இல்ல, அரை வாளி பிளேன் டீ!"

சத்தம் கேட்டு ஹலீம் நானா மேலே வந்துவிட்டார். பெட்டரியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இது என்ட கடைச் சாமான்தானே! நடராஜா அடிக்கடி வாங்குவாரு. நான் நெனச்சேன், மேல ஏதோ பெட்டரி மணி ஒண்டு பூட்டியிருக்காரு எண்டு."

அதற்குப் பிறகு பின் அறையை யாரும் அனுமதி கேட்டுத் திறக்கவில்லை. உப்புத்தாள், தேயிலை வாளி, பாதி கிழவராகிக்கொண்டிருந்த கிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பெற்றோர் பிள்ளையைத் தேடுவது போல ஒவ்வொருவரும் தன் கிட்டாரைத் தேடிக் கட்டிக்கொண்டார்கள். காணிக்கைப் பெட்டியை வைத்துக்கொண்டு ஹலீம் நானா கொடுத்தவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தார். சித்தர் ஒரு மூலையில் நடராஜாவாக உட்கார்ந்திருந்தார்.

"அப்ப பழைய கிட்டாரெல்லாம் பொய்யா அக்கா?" என்று சந்திரகுமார் கேட்டான்.

"ஏன் பொய்? உண்மையான பழசுக்கு ஒரு சத்தம், புதுசுக்கு ஒரு சத்தம். புடிச்சத வாசிங்க. ஆவிய ஏன் கூப்பிடுறீங்க?"

கீழே இறங்கும்போது பிறையன் மெதுவாக அவள் பக்கத்தில் வந்தார். "எனக்கு ஆரம்பத்துலயே ஒரு சந்தேகம் இருந்திச்சு ஷிராணி."

"இருந்திச்சா? எங்கண்ணே வச்சிருந்தீங்க இவ்வளவு நாளா?"

டிசம்பர் கல்யாணத்தில் ஷிராணி வாசித்தாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் கதிரை மேலேறி ஆடினார். பிறையன் பாட்டை மறுபடி பாதியில் மறந்தார். இந்த முறை பழி போட ஆவி கிடைக்கவில்லை. சிரித்துச் சமாளித்து, முதல் வரியிலிருந்து தொடங்கினார். கூட்டமும் சேர்ந்து பாடியது.

இப்போது பேராதனைப் பக்கம் ஒருவர் தாளம் தப்பாமல் இருக்கத் தாயத்துக் கட்டுகிறாராம். சனிக்கிழமைகளில் நல்ல கூட்டமாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். சத்தம் கேட்கக் காது போதும். கேட்டதை நம்பலாமா என்று பார்ப்பதற்காகத்தான் கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது. மாதா மாதம் முடி வெட்டிக்கொள்வதற்கு மட்டுமல்ல அது.